கஞ்சித்தொட்டியும் ஒரு வாய்த் தண்ணியும்

ராயபுரம் பக்கம் வயசானவங்ககிட்ட ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டா, "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு பஞ்சம் இருக்கு. 1782-ல் பசியோட வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்த உருவானது மணியக்காரர் சத்திரம். 1799-ல் அங்கேயே வைத்தியமும் தொடங்குச்சு. 1938-ல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியா வளர்ந்துச்சு.

அன்னிக்குக் கஞ்சி கிடைக்காததுதான் பிரச்சினை. இன்னிக்கு நாம பேசப்போறது, கஞ்சி கையில இருந்தும் விழுங்க முடியாதவங்களைப் பத்தி.

தீக்காயம்னா தோல்தான் ஞாபகம் வரும். ஆனா ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ தெரியாம குடிச்சுட்டா, வெந்து போறது உணவுக்குழாய். சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக் குழாய் அது. முதல் சில நாள்ல உயிர் தப்பிச்சாலும் கதை முடியறதில்ல. புண் ஆறும்போது தழும்பு இறுகி, சில வாரங்கள்ல குழாய் சுருங்கிடும். முதல்ல சோறு இறங்காது. அப்புறம் கஞ்சி. கடைசியில எச்சில்கூட இறங்காது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்க வீடுகள்ல காஸ்டிக் சோடா டப்பா சாதாரணம். சர்க்கரைன்னு நினைச்சுக் குழந்தைங்க வாயில போட்டுக்குவாங்க. செவாலியர் ஜாக்சன்னு ஒரு தொண்டை மருத்துவர், விளக்கு வெச்ச குழாய் வழியா உள்ள பார்த்து, சுருங்கின இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விரிச்சாரு. தன்கிட்ட வந்த ஒரு சின்னப் பொண்ணுக்கு அடைப்பை எடுத்ததும், அவ தண்ணி குடிச்சுட்டு அவர் கையில முத்தம் கொடுத்தான்னு அவரே எழுதியிருக்காரு.

அவர் அதோட நிக்கல. டப்பா மேல "விஷம்"னு அச்சடிக்கணும்னு வருஷக்கணக்கா போராடினாரு. 1927-ல் அது சட்டமாச்சு. எங்க பாஷையில சொன்னா, ஒவ்வொரு பக்-கையும் சரிபண்ணிட்டே இருக்காம, அது வர்ற இடத்தையே அடைச்சாரு.

இன்னிக்கும் வைத்தியத்தோட அடிப்படை அதேதான்: மெல்லிசுல ஆரம்பிச்சுத் தடிமனான குழாய் வரைக்கும் விட்டு விரிக்கறது. ஒரே தடவையில முடியாது, மாசக்கணக்கா வரணும். அதுக்கும் மசியலைன்னா, பெருங்குடல்ல ஒரு துண்டை எடுத்து மேல இழுத்துப் புதுப் பாதை போடுவாங்க. அப்புறம் ஒவ்வொரு வாயா விழுங்கப் பழகணும்.

இந்தியாவில் 2013-ல் ஆசிட் வீச்சு வழக்குல உச்ச நீதிமன்றம் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. ஆனா பாத்ரூம் கழுவற ஆசிட்டைப் பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி வெக்கறதை எந்தக் கோர்ட்டும் வந்து பார்க்காது. எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. இந்த எபிசோடுக்குப் படிச்ச அன்னிக்கே தூக்கிட்டேன்.

யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. அது மேல வரும்போது மறுபடியும் சுடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்போ எபிசோடை நிறுத்திட்டு, உங்க பாத்ரூம் மூலையை ஒரு தடவை பாருங்க.