பிரிஸ்டல் நகரத்து அபேட்சகர்

தேர்தலில் நிற்கும் அபேட்சகர் வாக்காளரிடம் எதைச் சொல்ல வேண்டும்? அவர்கள் கேட்க விரும்புவதையா, தம் மனத்துக்கு நியாயமென்று தோன்றுவதையா? இக்கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு எட்மண்ட் பர்க்கின் நினைவே வருகிறது. கல்லூரி நாட்களில் அவருடைய சொற்பொழிவுகளை ஆங்கில நடையின் அழகுக்காகப் படித்தேன். அவற்றுள் பொதிந்திருந்த சோதனை பின்னரே எனக்கு விளங்கிற்று.

பர்க் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். தந்தை புராட்டஸ்டண்டு, தாய் கத்தோலிக்கர். 1774-ஆம் ஆண்டில் அவர் பிரிஸ்டல் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினரானார். சர்க்கரை, புகையிலை, அடிமை வாணிகம் ஆகியவற்றால் செல்வம் கொழித்த துறைமுகம் அது. வாக்காளர் சுமார் 5,000 பேர். அவருடன் வெற்றி பெற்ற ஹென்றி குரூகர், வாக்காளர் இடும் கட்டளைப்படி நடப்பதே பிரதிநிதியின் கடமை என்றார். பர்க் அன்றே, அந்த வாக்காளர் முன்னிலையிலேயே, அதை மறுத்தார். பிரதிநிதி தன் உழைப்பை மட்டுமன்றித் தன் அறிவின் முடிவையும் மக்களுக்குக் கடமைப்பட்டவன்; அதை அவர்கள் விருப்பத்துக்குப் பலியிட்டால் அது துரோகமாகும் என்பது அவர் வாதம்.

சொல்லுக்குச் சோதனை விரைவில் வந்தது. அயர்லாந்தின் கம்பளித் துணி பிறநாடுகளுக்குச் செல்லாதவாறு 1699-இலேயே சட்டம் தடுத்திருந்தது. குடியேற்ற நாடுகளுடன் ஐரிஷ் மக்கள் நேரே வாணிகம் செய்யவும் பல தடைகள் இருந்தன. 1778-இல் இத்தடைகளைத் தளர்த்தும் மசோதாக்கள் வந்தபோது, தங்கள் லாபம் குறையுமென்று பிரிஸ்டல் வணிகர் வெகுண்டனர். பர்க்கோ மசோதாக்களை ஆதரித்தார். வாணிகம் என்பது ஒருவன் பெற்றால் மற்றவன் இழக்கும் பண்டமன்று. அண்டை நாடு செழித்தால் நம் சரக்கை வாங்கவும் அதற்கு ஆற்றல் பிறக்கும் என்று அவ்வணிகருக்கே கடிதம் எழுதினார்.

அடுத்தது கடனாளிகள் பிரச்சினை. கடன் கொடுத்தவன் நினைத்தால், திருப்பித் தர இயலாத ஏழையைக் காலவரையின்றிச் சிறையில் வைத்திருக்கலாம் என்பது அந்நாளைய சட்டம். சிறையிலிருப்பவன் உழைத்துக் கடனை அடைப்பது எங்ஙனம்? இக்கொடுமையைக் குறைக்க பியூச்சம்ப் பிரபு கொண்டுவந்த மசோதாவைப் பர்க் ஆதரித்தார். கடைக்காரர் பலருக்கு அது கசந்தது.

மூன்றாவது, மதம் பற்றியது. கத்தோலிக்கப் பாதிரிமாருக்கும், பள்ளி நடத்தும் கத்தோலிக்கருக்கும் ஆயுள் சிறை விதித்த பழைய சட்டம் 1778-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பர்க் துணை நின்றார். அச்சீர்திருத்தத்தை எதிர்த்து 1780-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டனில் பெருங்கலகம் மூண்டது. தேவாலயங்களும் நியூகேட் சிறையும் தீக்கிரையாயின; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

கலகத்தின் புகை அடங்கி மூன்று மாதங்களில் தேர்தல் வந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி பர்க் பிரிஸ்டல் மன்றத்தில் நின்று தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். தொகுதிக்கு அடிக்கடி வரவில்லை என்பது முதற் குற்றம். மேலே சொன்ன மூன்றும் ஏனையவை. எதற்கும் அவர் மன்னிப்புக் கோரவில்லை. தாம் ஏன் அவ்வாறு செய்தார் என்பதை விளக்கினார். ஆதரவு போதாதென்று கண்டதும், 9-ஆம் தேதி போட்டியிலிருந்து விலகினார்.

இங்கே மாணவர்கள் மறைக்காமல் நோக்க வேண்டிய மறுபக்கம் ஒன்றுண்டு. பர்க் ஜனநாயகவாதி அல்லர். வாக்குரிமையைப் பெருக்க அவர் விரும்பவில்லை. தோல்விக்குப் பின் அவருக்கு இடமளித்தது, ராக்கிங்ஹாம் பிரபுவின் செல்வாக்குக்குள் அடங்கிய மால்ட்டன் என்னும் சிறு தொகுதி. மனச்சான்றின்படி பேச அவருக்குக் கிடைத்த சுதந்தரம், ஒரு பிரபுவின் தயவால் வந்தது. வாக்காளரின் கோபத்துக்கு அஞ்ச வேண்டாத அத்தகைய இடத்தில், நேர்மையற்ற ஒருவர் அமர்ந்திருந்தால் என்னவாகும்?

ஆயினும் அந்த மால்ட்டன் அங்கத்தினரே 1785-இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசுகையில், கர்நாடகப் பகுதியின் ஏரிகளையும் அவற்றை வெட்டிய முன்னோரையும் போற்றி, நம் குடியானவரை வாட்டிய கடன்காரரைக் கடிந்துரைத்தார். அம்மக்களில் ஒருவருக்கேனும் அவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை.

பிரதிநிதி மக்களின் குரலா, மக்களுக்காக ஆராயும் அறிவா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். பர்க் தம் கருத்தை மறைத்து வாக்குப் பெறவில்லை. காரணத்தை எதிரே நின்று சொல்லி, தோல்வியை ஏற்றார். நாளை வாக்களிக்கப் போகும் நீங்கள், உங்களுக்கு உடன்பாடில்லாத கருத்தைக் காரணத்தோடு கூறும் அபேட்சகர் எதிர்ப்பட்டால், கையொலி எழுப்பாவிடினும், அவர் சொல்லி முடிக்கும்வரை செவி கொடுங்கள்.