தோள் நழுவிய ரேஸ் வீரர்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும் வளைவுகளில் பைக்கோடு விழுந்து, தோள் மூட்டு நழுவி வருபவர்களைக் கள்ளக்குறிச்சியில் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி வந்த தம்பி ஒருத்தர் வலியோட கேட்டார்: "கார் ரேஸ் ஓட்டுறவங்களுக்கும் இப்படி ஆகுமா டாக்டர்?"

ஆகும். ஓட்டாமலேயே ஆகியிருக்கு!

2009 ஜூன், பிரான்ஸ். லெ மான் 24 மணி நேரப் பந்தயம். ஒரே காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டணும். ஆடி காருக்கான மூவரில் ஒருவர் நம்ம கோவை நரேன் கார்த்திகேயன். பந்தயம் தொடங்கும் முன்னாடி பிட் சுவரிலிருந்து குதித்தபோது விழுந்து, தோள் மூட்டு விலகிவிட்டது.

தோள் எந்தப் பக்கமும் சுழலும். காரணம், அதன் குழி ஆழமில்லாதது. அதனாலேயே சுலபமா நழுவும். திரும்பப் பொருத்தினாலும் அன்றைக்கே ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. மற்ற இரண்டு பேரே 24 மணி நேரமும் ஓட்டி, 7ஆம் இடம் பிடித்தார்கள். நரேன் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை.

"ஆறு கார் ஓடின ரேஸ்ல நாலாவது வந்தவர்தானே?" என்று அவரைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. 2005, இண்டியானாபோலிஸ். மிஷெலின் டயர் பாதுகாப்பில்லை என்று 14 கார்கள் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு மட்டும் ஓடின. உண்மைதான். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த 5 புள்ளிகளும் அன்றைக்கு வந்தவையே.

ஆனா அவர் கதை அதோட முடியலீங்க. அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். மகன் 1996இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 2007இல் சீனாவின் ஜூஹாயில் இந்திய அணிக்காக ஏ1 ஜிபி வெற்றி. லெ மானில் விழுந்த மறு வருஷமே அமெரிக்கா போய் நாஸ்கார் டிரக் ஓட்டினார். ஃபார்முலா கார் எடை குறைந்தது, தரையோடு ஒட்டி ஓடும். டிரக் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். பிரேக் பிடிக்கும் இடத்திலிருந்து எல்லாத்தையும் புதுசா பழகணும். அந்த ஆண்டு ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 'மிகப் பிரபலமான ஓட்டுநர்' விருது அவருக்கே!

பிறகு ஜப்பான். ஒற்றை இருக்கைக் கார்களில் சில வருஷம், 2019இல் கூரை போட்ட சூப்பர் ஜிடி கார். அந்த நவம்பரில் ஃபுஜியில் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஜப்பான் கார்களும் மோதிய பந்தயத்தில், ஹோண்டா காரில் முதலிடம் வந்தார். வயசு 42.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லிக்கிட்டே மூட்டைப் பொருத்தி, கையைத் தூளியில் கட்டிவிட்டேன். "எப்ப சார் வண்டி எடுக்கலாம்?" என்றார். பிசியோதெரபி முடியட்டும் என்றேன். முகம் சுருங்கிடுச்சு.

(த்ரெட் முடிந்தது)