கல்லீரலும் நீரிழிவும்



நீரிழிவு நம் நாட்டார்க்குப் புதிதன்று. அதனை மதுமேகம் என்றழைத்த பண்டை மருத்துவர்கள், சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயை அறிந்தனர். ஆனால் அவ்வினிப்பு உடலில் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

1848-ல் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு, இறைச்சி மட்டுமே உண்ட நாயின் கல்லீரலினின்று வெளிவரும் இரத்தத்திலும் சர்க்கரை இருக்கக் கண்டார். கல்லீரலே சர்க்கரையை ஆக்கவல்லது என்பது புலனாயிற்று. அது சேமித்து வைக்கும் கிளைகோஜன் என்னும் பொருளையும் 1857-ல் பிரித்தெடுத்தார். எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்து உழவர் விளைந்த நெல்லைக் குதிரில் இட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்வர் அல்லவா? கல்லீரலும் அத்தகைய குதிரே.

1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதற்கு நீரிழிவு கண்டது. 1921-ல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்தினின்று இன்சுலினைப் பெறும் வழி கண்டனர். சாவின் வாயிலில் நின்ற குழந்தைகள் பிழைத்தெழுந்தனர். நம் சென்னையிலும் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்.

கணையம் இவ்வாறு புகழ் பெறவே, கல்லீரலின் பங்கு மக்கள் நினைவில் மங்கிற்று. கல்லீரல் கெடுவதாலும் நீரிழிவு வரும் என்று ஜெர்மானிய மருத்துவர் நாவுனின் முன்னரே எழுதியிருந்தார். அவர் கூற்றின் பயனை இன்றைய மருத்துவம் நன்குணர்கிறது.

நாட்பட்ட நோயால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால், உண்ட உணவின் சர்க்கரையை அது முறையாக வாங்கி வைக்க இயலாது. ஆதலின், வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சோதனை சரியாக இருப்பினும், உணவுக்குப் பின் சர்க்கரை மிகுந்திருக்கக் கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும், இரத்தச் சிவப்பணுக்கள் விரைவில் அழிவதால், உண்மையைக் குறைத்துக் காட்டலாம். ஒரு சோதனையை மட்டும் நம்பி நோயில்லை என்று வீடு திரும்புதல் ஆகாது.

மற்றொன்றும் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று பகலெல்லாம் நோன்பிருந்து, மலைமேல் தீபம் கண்டபின் உண்பது எங்கள் ஊரார் பலரின் வழக்கம். குதிரில் நெல்லில்லாத வீடு விதைநெல்லில் கைவைப்பதுபோல, சேமிப்பற்ற உடல் நெடும்பசியில் தன் தசையையே கரைக்கும். நீரிழிவு மருந்து உண்பவர்க்குச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழவும் கூடும். இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் நோன்பு ஏற்றல் தகாது.

மாணவர்களே, பல்லாண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கற்ற கல்வி வீட்டாருக்குப் பயன்படல் வேண்டும். உங்கள் இல்லத்தில் கல்லீரல் நோயுற்ற பெரியவர் இருப்பின், உணவுக்குப் பிந்திய சோதனையும் வேண்டுமா என மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெர்னார்டு கண்ட உண்மை அன்று உங்கள் வீட்டிலும் பயன் தரும்.