பட்டிமண்டபமும் பிரசங்கமும்

தல்லாகுளத்தில் தமுக்கம் மைதானமும் அமெரிக்கன் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்று அரசியல் கூட்டங்களுக்குப் பேர்போனது. மற்றது அமெரிக்க மிஷனரிகள் 1881-இல் பசுமலையில் தொடங்கி, பின்னர் இங்கு வந்து சேர்ந்தது. தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றைத் தேடுபவர் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மேடைப்பேச்சு சங்க காலந்தொட்டு நம்மிடம் உண்டு என மேடைகளிலேயே அடிக்கடி கேட்கிறோம். சான்றாக மணிமேகலையின் பட்டிமண்டபம் வரும். ஆனால் அது சமயவாதிகள் தம் கோட்பாடுகளை நிறுவ ஏறிய வாதமன்றம். இன்னார் என்றில்லாமல் ஊரையே விளித்துப் பேசும் பேச்சு அன்று. நமக்கு நெடுங்காலம் பழக்கமானது புராண படனம்: ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பொருள் சொல்வார். பேசுபவருக்கு முன்னே எப்போதும் ஒரு நூல் இருந்தது.

அந்த நூலைச் சற்றுத் தள்ளி வைத்து, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பொதுமக்களிடம் தொடர்ந்து பேசும் வடிவம் கிறித்தவப் பிரசங்கத்தின் வழியே வந்தது. பைபிள் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் அதன் வலிமையை அருகிருந்து கண்டவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிர்த்தரப்பின் கருவியை எடுத்தே எதிர்த்தரப்பை எதிர்கொண்டார்.

கோவிலிலிருந்து அது தெருவுக்கு வர அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளரிடம் தமிழில் பேசினர். அந்தப் பேச்சுகளே இராஜத்துரோகக் குற்றமாயின. பேச்சால் ஒரு கூட்டம் உருவாகிவிடும் என்பதை அரசு நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது!

1990-களின் முற்பாதியில் மதுரையில் தங்கி அரசியல் கூட்டங்களைக் கேட்ட அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட், 2009-இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான கருத்தை வைத்தார். மேடையில் செந்தமிழ் பேசுவது தொன்மரபு அன்று, இருபதாம் நூற்றாண்டின் புத்தாக்கம் என்பது அது. பெரியார் கடைசிவரை வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோலவே பேசினார். அவர் வழிவந்த அண்ணாதுரையோ எதுகையும் மோனையும் அடுக்குத்தொடரும் கொண்ட நடையை மேடைக்குக் கொண்டுவந்தார். பழமையின் சாயல் கொண்ட அந்த நடைதான் அன்று புதுமையாக இருந்தது. பேட் 2016-இல் காலமானார். நாவலர் முதலானோரைப் பற்றிய அவருடைய ஆய்வு 2021-இல்தான் நூலாயிற்று. தமிழில் இது இன்னும் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை என்பது வருத்தமே.

அண்ணாவின் நடையைப் பின்பற்றியவர்களில் பலர் ஓசையைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டார்கள். "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். எனினும் அந்த விளிப்பை வெறும் சடங்கென ஒதுக்கிவிட முடியாது. யாரை முதலில் சொல்வது, யாருக்கு எத்தனை அடைமொழி என்பதில் கட்சியின் படிநிலை முழுதும் அடங்கியிருக்கும்.

பட்டிமன்றம் வேறு பாதையில் சென்றது. குன்றக்குடி அடிகளார் போன்றோரும் காரைக்குடிக் கம்பன் கழகம் போன்ற அமைப்புகளும் வளர்த்தெடுத்த இலக்கிய வாதத்தை, அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா குடும்பச் சிக்கல்களுக்கும் விரித்தார். நடுவராக அமர்ந்து அவர் பேசுவது மதுரைப் பேச்சுத் தமிழ். மேடைக்காக அண்ணா செந்தமிழாக்கிய மொழி, மிஷனரிகள் தொடங்கிய கல்லூரியின் ஆசிரியர் ஒருவரால் மறுபடியும் திண்ணைக்கு இறங்கி வந்தது.