விரிவுரைக் குறிப்பும் கணித முனைவர் பட்டமும்

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதித்தது. 2022 விதிமுறைகள் அந்தக் கட்டாயத்தை நீக்கின. கணிதத்தைப் பொறுத்தவரை நீக்கியது சரியே. ஒரு நிரூபணத்தை மதிப்பீட்டாளர் வரிவரியாகச் சரிபார்த்து முடிக்க ஓராண்டைத் தாண்டுவது அரிதல்ல. காத்திருக்க இயலாதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்களை நாடியதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஆலோசனைக் குழுமுன் பருவந்தோறும் முன்னேற்ற அறிக்கை வைக்கும் கடமை நீடிக்கிறது. தேற்றம் ஒன்றும் கைகூடாத ஆய்வாளர் அங்கே எதைக் காட்டுவார்? பிறருடைய கணிதத்தை, விடுபட்ட படிகளை நிரப்பி, முழுமையாக எழுதித் தருவதையே இடைக்கால அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் வாதம்.

இது புதிய யோசனை அல்ல. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் வருகைப் பேராசிரியர்களின் விரிவுரைகளை இளம் ஆய்வாளர்களே நூலாக்கினர். சென்னையில் பிறந்து, லயோலா கல்லூரியில் படித்து, 1957இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்த சி. பி. ராமானுஜத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்க ஆண்டுகளில் ஆய்வில் தடம் பிடிபடாமல் சோர்ந்திருந்தார். ஆனால் 1959இலேயே வருகைப் பேராசிரியர் டொய்ரிங்கின் இயற்கணிதச் சார்புகள் பற்றிய விரிவுரைகள் அவர் எழுதிய குறிப்பாக வெளிவந்துவிட்டன. இயற்கணித எண் களங்களில் 54 மாறிகள் கொண்ட முப்படி வடிவங்களுக்குப் பூச்சியமல்லாத தீர்வு உண்டு என்ற அவரது கட்டுரை வந்தது 1963இல், பட்டம் 1967இல். பின்னர் மற்றொரு வருகைப் பேராசிரியரான ஷாஃபரேவிச்சின் விரிவுரைகளைக் குறிப்பாக்கியபோது அவற்றைத் திருத்தியும் விரித்தும் எழுதினார். அந்த விரிவுரைகளின் பொருள் இயற்கணிதப் பரப்புகள். அஃபைன் தளத்தை இடவியல் பண்புகளால் இனங்காண்பது பற்றிய அவரது புகழ்பெற்ற 1971ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதே துறையைச் சேர்ந்தது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் கட்டுரைக் கணக்கு சுழியம் என்று காட்டியிருக்கக்கூடிய ஆண்டுகளில் அவர் ஒரு கணிதராக வளர்ந்துகொண்டிருந்தார் என்பதற்கு அக்குறிப்புகளே சான்று.

அவர் அபூர்வ மேதை, அவரை வைத்துப் பொது விதி செய்யலாமா என்று கேட்கலாம். மேதையையே அளக்கத் தவறும் கோல் மற்றவர்களை எப்படி அளக்கும்? புரிந்துகொள்வது படைப்பதாகாது என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் இதைப் பட்டத்துக்குரிய தகுதியாக அல்ல, வழியில் நிறுத்திப் பார்க்கும் சோதனையாக மட்டும் முன்வைக்கிறேன். சிற்றூர்க் கல்லூரிகளுக்கு டொய்ரிங் வரப்போவதில்லை, உண்மை. வெளியான கட்டுரை ஒன்றை எடுத்து விரித்தெழுத அவர் வரத் தேவையுமில்லை. இவற்றைவிடக் கடினமான தடை வேறு. குறிப்பை யாராவது படிக்க வேண்டும். கட்டுரைகளை எண்ணும் முறை பிடித்துப்போனதற்குக் காரணமே அதில் எதையும் படிக்க வேண்டியதில்லை என்பதுதான். நூறு பக்கத்தையும் குழு படிக்காது என்றால், அதிலிருந்து ஒரு துணைத்தேற்றத்தைக் குழுவே தேர்ந்து, தாளைப் பார்க்காமல் கரும்பலகையில் நிறுவச் சொல்லலாம். அதற்கு அரைமணி நேரம் போதும்.