"வீடு கட்டுகிறது" என்று எழுதிய ஆங்கிலேயர்கள்

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கிராமர் படித்த யாருக்கும் ஆக்டிவ் வாய்ஸ், பேஸிவ் வாய்ஸ் மறந்திருக்காது. "ஹி இஸ் ரைட்டிங் எ லெட்டர்" என்று கேள்வியில் இருந்தால், "எ லெட்டர் இஸ் பீயிங் ரிட்டன் பை ஹிம்" என்று மாற்றி எழுத வேண்டும். நடுவில் அந்த "பீயிங்" விட்டுப்போனால் மார்க் போச்சு. ரோடு போடுகிறார்கள், லாரியில் சரக்கு ஏற்றுகிறார்கள், பேங்கில் செக் கிளியர் ஆகிக்கொண்டிருக்கிறது... வேலை இந்த நிமிஷம் நடக்கிறது, செய்கிறவர் யார் என்பது முக்கியமில்லை என்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த "இஸ் பீயிங்" தான்.

ஆனால் 1870ல் இதே "பீயிங்"கை எழுதினால்தான் தப்பு என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சாதாரண ஆட்கள் இல்லை, இலக்கணப் புத்தகம் எழுதியவர்கள்.

அதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் எப்படித்தான் எழுதினார்கள்? "தி ஹவுஸ் இஸ் பில்டிங்" என்றுதான். அப்படியே தமிழில் சொன்னால் "வீடு கட்டிக்கொண்டிருக்கிறது". வீடு எதைக் கட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. 1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் "நார்த்தாங்கர் அபே" நாவலில், ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிகளைக் கீழே இறக்குகிற இடத்தை இந்தப் பழைய பாணியில்தான் அவர் எழுதியிருக்கிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பெட்டிகள் எதையோ தூக்கிக்கொண்டு இறங்குவது போல இருக்கும்!

தமிழ் தெரிந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், வினையியலில், செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் தரும் உதாரணம், திண்ணை மெழுகியது, பாத்திரம் கழுவியது என்கிற மாதிரி. திண்ணை தானே மெழுகிக்கொள்ளுமா? "சமைத்த சோறு" என்று இன்றைக்கும் சொல்கிறோம். சோறா சமைத்தது? இங்கே அதை வழக்கு என்று ஒப்புக்கொண்டு நூற்பாவே போட்டுவிட்டார்கள். ஆங்கில இலக்கணக்காரர்களுக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், முதலில் திட்டு வாங்கியது பழைய பாணிதான். சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியின் முன்னால் ஒரு சிறு இலக்கணமும் சேர்த்திருந்தார். "புத்தகம் இப்போது அச்சடிக்கிறது" என்கிற வகை வாக்கியத்தை அதில் எடுத்துக்கொண்டு, இது கெட்டுப்போன பிரயோகம் என்கிறார். அவர் கணக்குப்படி இதற்கும் முந்தைய வடிவம் "எ பிரிண்டிங்". அந்த "எ", "அட்" என்பதன் தேய்ந்த உருவம். அதாவது புத்தகம் "அச்சு வேலையில்" இருக்கிறது என்று பொருள். நாளடைவில் "எ" உதிர்ந்துபோக, புத்தகமே அச்சடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. விளக்கம் பெரும்பாலும் சரிதான். ஆனால் 1782ல் ஒரு கடிதத்தில், தன்னுடைய கவிஞர் வரலாறுகள் மறுபதிப்பு ஆகிக்கொண்டிருப்பதைச் சொல்ல வந்த ஜான்சன், தான் கண்டித்த அதே பாணியைத்தான் பயன்படுத்தினார். கை பழகியதை எழுதிவிடும் போலிருக்கிறது.

பழைய பாணியில் உண்மையாகவே ஒரு சிக்கல் இருந்தது. வீடு, புத்தகம் என்று உயிரில்லாத பொருளாக இருக்கிற வரைக்கும் குழப்பம் இல்லை. மனிதர்கள் வந்தால்? "தி பாய் இஸ் பீட்டிங்" என்றால் பையன் அடிக்கிறானா, அடி வாங்குகிறானா? பையன் விஷயத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லையே.

இந்த இடத்தில்தான் "இஸ் பீயிங்" நுழைந்தது. எந்த அறிஞரும் உட்கார்ந்து கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. 18ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வீட்டுக்கு எழுதும் சாதாரணக் கடிதங்களில் அது தலைகாட்டுகிறது. தெரிந்தவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று 1772ல் எழுதப்பட்ட கடிதம். தபால் கிளம்பிய நேரத்தில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருந்திருக்கும் என்பது விஷயம். பிறகு 1795ல் கவிஞர் ராபர்ட் சதே நண்பருக்கு எழுதிய கடிதம். ஒரு முரட்டு நாவிதர் ஒருவனுடைய கடைவாய்ப் பல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கும் காட்சியைச் சொல்ல அவருக்குப் பழைய பாணி போதவில்லை. அப்போது சதேவுக்கு வயது 21.

ஐம்பது, அறுபது வருஷத்தில் இது பத்திரிகைகளுக்கு வந்துவிட்டது. உடனே எதிர்ப்பும் வந்தது. அமெரிக்காவில் கூல்ட் பிரவுன் 1851ல் வெளியிட்ட பிரம்மாண்டமான இலக்கண நூலில் இதை ஏற்க மறுத்தார். எல்லோரையும் விடக் காட்டமாக எழுதியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட். 1870ல் வந்த தன் புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். "இஸ்" என்றாலும் இருப்பது, "பீயிங்" என்றாலும் இருப்பது, ஆகவே "இஸ் பீயிங்" என்பது "இருந்துகொண்டு இருக்கிறது" என்பது போன்ற அபத்தம் என்பது அவர் வாதம். தர்க்கமாகப் பார்த்தால் பிசகில்லை. பேசுகிறவர்கள் தர்க்கம் பார்த்துப் பேசுவதில்லை என்பதுதான் அதில் இல்லாமல் போனது. (இவருடைய மகன் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் பெரிய கட்டிடக் கலைஞர், நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்க வளைவை வடிவமைத்தவர். அந்த வீட்டில் கட்டிக்கொண்டிருக்கிற கட்டிடங்களைப் பற்றி எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ!)

ஒயிட்டுக்குப் பதில் கொடுத்த ஃபிட்ஸெட்வர்ட் ஹாலும் அமெரிக்கர்தான். 1846ல், வீட்டை விட்டு ஓடிப்போன தம்பியைத் தேடி இந்தியாவுக்குக் கப்பலேறினார். கங்கை முகத்துவாரத்துக்கு அருகே கப்பல் உடைந்தது. இங்கேயே தங்கி சமஸ்கிருதம் கற்று, காசியில் அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் பேராசிரியரும் ஆனார். பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்துப் பழகிய மனிதர். அதே வேலையை ஆங்கிலத்துக்கும் செய்தார். எது சரி என்று மூளையைக் கசக்கவில்லை, யார் எப்போது எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று புத்தகம் புத்தகமாகத் தேடினார். 1873ல் வெளியிட்ட நூலில் சதே, கோல்ரிட்ஜ், லாம்ப் என்று சாட்சிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒயிட்டிடம் தர்க்கம் இருந்தது, ஹாலிடம் ஆதாரம் இருந்தது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஒரு கிராமத்து வீட்டில் இருந்தபடியே தபாலில் உழைத்து, 1901ல் இறந்தார்.

அதற்குள் சண்டை ஓய்ந்துவிட்டது. பழைய பாணி முழுக்க ஒழிந்துவிடவும் இல்லை. காபி "புரூயிங்", சினிமா "நௌ ஷோயிங்" என்று அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தியேட்டர் வாசலில் அதைப் பார்த்து யாரும் பேஸிவ் வாய்ஸ் எங்கே என்று கேட்பதில்லை.

கிராமர் புத்தகத்தின் வாய்ஸ் அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பெர்ஃபெக்ட் கன்டினியுவஸுக்கு பேஸிவ் கிடையாது என்று ஆசிரியர்கள் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். உண்மையில் "ஹேஸ் பீன் பீயிங் பில்ட்" என்று ஆங்கிலேயர்கள் அபூர்வமாக எழுதத்தான் செய்கிறார்கள். "பீன்", "பீயிங்" இரண்டும் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு நன்றாக இல்லை என்பதுதான் அதன் மேல் இருக்கிற குறை.