குமுளி சாலையும் செய்திச் சேனலும்: தமிழ்த் திரையில் சீற்றம் வளர்ந்த கதை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது செம்பட்டி. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவெல்லாம் இவ்வழியே போகும். 2011 கடைசியில் இந்தச் சாலையின் மலைமுனை அடைபட்டது. கேரளத்திலுள்ள முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற அச்சம் அங்கே கிளம்பியது. குமுளியில் தமிழர் கடைகளும், இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லையை நோக்கி நடந்தார்கள்.

அணைச் சிக்கல் புதிதல்ல. அணை 1895இல் திறக்கப்பட்டது. நீர்மட்டத் தகராறு 1979இலிருந்தே இருந்தது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. பிறகு 2011இல் மட்டும் ஏன் இப்படிக் கொதித்தது? இடுக்கியில் அந்த ஆண்டு ஏற்பட்ட நில அதிர்வுகளும், அணை உடைவதைக் காட்டி நவம்பரில் வந்த ‘டேம் 999’ படமும் காரணங்கள்தான். ஆனால் அதே ஆண்டில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நடந்த இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகளை வீடுகளில் கொண்டுபோய் வைத்தது. 2011 ஆகஸ்ட் 24 அன்று ‘புதிய தலைமுறை’ செய்திச் சேனல் வந்தது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 2 அன்று, அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு ஒளிபரப்பைத் தொடங்கியது. பெட்டி இலவசம், கேபிள் மலிவு, செய்தி இருபத்துநான்கு மணிநேரம். முல்லைப் பெரியாறு கொதித்தது இதிலிருந்து சுமார் மூன்று மாதத்தில். மலையாளச் சேனல்கள் அணை உடைந்தால் என்ன ஆகும் என்று பேசின. தமிழ்ச் சேனல்கள் எல்லையில் அடிபட்டவர்களைக் காட்டின. இரண்டு பக்கமும் பொய் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எதைத் திரும்பத் திரும்பக் காட்டுவது என்ற தேர்வே போதுமாக இருந்தது.

அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் குழு 2012 ஏப்ரலில் அறிக்கை தந்தது. 2014 நவம்பரில் அணையில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. அணை நின்றது. அச்சத்தை ஒளிபரப்பிய வேகம் இந்தச் செய்திகளுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பத் திரும்பக் காட்டும் வழக்கம் 2011க்குப் பத்தாண்டு முந்தியது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியபின் பல ஆண்டுகள், செய்தி என்றால் குறித்த நேரத்தில் வாசிக்கப்பட்டு முடிந்துபோகும் ஒன்று. 1993இல் சன் டிவி வந்தது. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியை சன் டிவி நாள் முழுக்க ஓட்டியது. ஜெயா டிவி வேறு காட்சிகளைக் காட்டி மறுத்தது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு படங்கள். எதை நம்புவது என்பதை ரிமோட் தீர்மானிக்கத் தொடங்கிய நாள் அது. பின்னால் வந்த இரவு விவாதங்களுக்கு வெளிப்புறப் படப்பிடிப்பு கூடத் தேவைப்படவில்லை. நெறியாளர் ஒருவர், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் நால்வர், ஒரு மணிநேரம். செய்தியாளரை ஊர் ஊராக அனுப்புவதைவிட இது எவ்வளவோ மலிவு.

இதைப் பார்ப்பவருக்கு என்ன ஆகிறது? 1997இல் பிரிட்டனில் ஜான்ஸ்டன், டேவி என்ற இரு உளவியலாளர்கள் 14 நிமிடச் செய்தித் தொகுப்புகளைப் போட்டுக் காட்டினார்கள். மோசமான செய்திகளை மட்டும் பார்த்தவர்களுக்குப் பதற்றமும் வருத்தமும் கூடின. அதைவிட முக்கியமானது, செய்திக்குத் தொடர்பே இல்லாத தங்கள் சொந்தக் கவலைகளையும் அவர்கள் பெரிதாக்கிக்கொண்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணமோ, கிணற்றில் இறங்கும் நீர்மட்டமோ, எந்தக் கவலையானாலும் விவாதம் முடிந்தபின் கூடுதலாகக் கனக்கக்கூடும் என்பதுதான் இதன் பொருள். அதிக நேரம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள், உலகத்தில் யாரையும் நம்ப முடியாது என்று எண்ணும் போக்குடையவர்கள் என்று அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் அதற்கும் முன்பே காட்டியிருந்தார். 2019இல் இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்த சோதனையில், சராசரியாக மனித உடலே நல்ல செய்தியைவிடக் கெட்ட செய்திக்கு அதிகமாகத் துடிப்பது தெரிந்தது. சேனல்காரர்கள் இதை ஆய்வில்லாமலே அறிந்திருந்தார்கள்.

திண்டுக்கல் வட்டாரத்துக்கு மிக அருகில் நடந்த சான்று நடுக்காட்டுப்பட்டி. 2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளியும் கடந்து, 29ஆம் தேதி அதிகாலை உடல் எடுக்கப்படும்வரை நேரலை ஓய்வில்லாமல் ஓடியது. தூத்துக்குடியில் பெற்றோர் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களின் குழந்தை குளியலறைத் தண்ணீரில் விழுந்து இறந்தது. 2013 பாஸ்டன் குண்டுவெடிப்பை ஒட்டிய ஆய்வொன்றை இங்கே நினைக்க வேண்டும்: அடுத்த வாரம் தினமும் ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ அதுபற்றிய செய்திகளில் மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன.

கோபமே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குத் தமிழ்நாடு கொதிக்காமல் இருந்திருந்தால், போலீசார் அவ்வளவு விரைவில் கைதாகியிருப்பார்களா என்பது சந்தேகமே. அங்கே கோபத்துக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது: நீதிமன்றம், விசாரணை, கைது. தினசரி விவாதக் கோபத்துக்கு அப்படி ஓர் இடமில்லை. மறுநாள் வேறு தலைப்பு.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வாரந்தோறும் கணக்கெடுக்க பார்க் அமைப்பு இருக்கிறது. டிஆர்பி மோசடிப் புகாரால் 2020 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களின் கணக்கை அது நிறுத்தி வைத்தபோதும் கூச்சல் குறையவில்லை. பார்த்தவர் எப்படித் தூங்கினார், அக்கம்பக்கத்தாரை எவ்வளவு நம்புகிறார் என்ற கணக்கும் எடுக்கப்பட வேண்டும். செம்பட்டிக்கு அருகிலேயே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களில் அதற்கான கள ஆய்வை அந்தப் பல்கலைக்கழகமே தொடங்கலாம்.